சுயேச்சையா ஜெயிச்சவங்க அடுத்த தேர்தல்ல ஏன் கட்சிக்குள்ள போயிடறாங்க? (ராதாபுரம் அப்பாவுவை முன்வைத்து)

வள்ளியூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எங்க தொகுதி ராதாபுரம். தமிழ்நாட்டுல சுயேச்சை அரசியல்னு பேச்சு வந்தா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது மு. அப்பாவுதான். 2021-ல சபாநாயகர் ஆன பிறகுதான் வெளியூர்க்காரங்களுக்கு அவரைத் தெரியும். அதுக்கு முன்னாடி நடந்த கதை எங்க பக்கத்து ஆளுங்களைத் தவிர யாரும் அதிகம் பேசறதில்ல.

1996-ல மூப்பனாரோட தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளரா ஜெயிச்சார். அந்தத் தேர்தல்ல த.மா.கா. 39 இடம், அலை அப்படி. 2001-ல த.மா.கா. அப்படியே அ.தி.மு.க. அணிக்குப் போயிடுச்சு. அப்பாவு சுயேச்சையா நின்னார், ஜெயிச்சார். அ.தி.மு.க. மட்டுமே 132 இடம் பிடிச்ச வருஷம் அது. கையில கட்சியும் இல்ல, கட்சிச் சின்னமும் இல்ல. 2006-ல தி.மு.க. வேட்பாளரா மூணாவது தடவை ஜெயிச்சார். 2016-ல 49 ஓட்டுல தோத்தார். 2021-ல மறுபடி ஜெயிச்சார்.

என் கேள்வி இதுதான். 2001-ல தனியா நின்னே ஜெயிக்க முடிஞ்ச ஒருத்தர் எதுக்கு இன்னொரு கட்சியோட நிழலுக்குப் போகணும்? அவரைக் குறை சொல்லல. ஆனா அவருக்கு ஓட்டுப் போட்ட எங்க ஊர்க்காரங்க பல பேர் ஆளைப் பார்த்துப் போட்டவங்க. அந்த மாதிரி ஒரு மனுஷன் ரெண்டு மூணு தடவை சுயேச்சையாவே இருந்து பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அவர் மட்டும் இல்ல, 2006-ல தளி தொகுதியில டி. ராமச்சந்திரன் சுயேச்சையா ஜெயிச்சார். 2011-ல பார்த்தா இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர். எல்லாரும் ஒரே பாதையிலதான் போறாங்க. ஏன்?

கருப்புக்கோட்டு

நல்ல கேள்வி. முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு வேறு எங்கேயோ போய்விடும்.

1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை வந்தது. கட்சித் தாவல் தடை என்று நாம் சொல்வது அதைத்தான். அதில் சுயேச்சைகளுக்குத் தனி விதி. சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தேர்தலுக்குப் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும். அவகாசமே கிடையாது. நியமன உறுப்பினருக்குக் கூட ஆறு மாதம் இருக்கிறது, அதற்குள் விரும்பிய கட்சியில் சேர்ந்துகொள்ளலாம். மக்கள் ஓட்டு வாங்கி வந்தவருக்கு ஒரு நாள் கூட இல்லை.

ஆகவே ஐந்து வருடம் கதவு அடைத்தே இருக்கிறது. அடுத்த தேர்தலில்தான் திறக்கும். ‘எல்லாரும் அடுத்த தேர்தலில் போகிறார்கள்’ என்று நீங்கள் பார்த்ததற்குப் பாதி விளக்கம் இதிலேயே இருக்கிறது. நடுவில் போக முடியாது என்பதால்தான் அடுத்த தேர்தலில் போகிறார்கள்.

வெளியிலிருந்து ஆதரவு தரலாம், அமைச்சர் கூட ஆகலாம். ‘ஆதரவு’ எங்கே முடிந்து ‘சேர்தல்’ எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வழக்குகள். ஹரியானாவில் சுயேச்சைகள் சிலர் காங்கிரஸில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி 2004-இல் சபாநாயகர் பதவி நீக்கினார். 2006-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உறுப்பினர் அட்டை வாங்கினாரா என்பது மட்டும் அளவுகோல் அல்ல, நடத்தையையும் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இதையெல்லாம் முதலில் தீர்மானிப்பவர் சபாநாயகர். சுயேச்சையாக ஒரு முழு ஆட்சிக்காலம் அவையில் உட்கார்ந்த அப்பாவு பின்னாளில் அதே நாற்காலிக்கு வந்தார் என்பது எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது.

பூத்_ஏஜெண்ட்

அண்ணாச்சி, சட்டத்த விடுங்க. சுயேச்சையா நிக்கறதுன்னா என்னன்னு கீழ இருந்து பார்த்தவன் சொல்றேன்.

அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருத்தர் முன்மொழிஞ்சா போதும். சுயேச்சைக்குப் பத்து பேர் வேணும், பத்து பேரும் அதே தொகுதி வாக்காளரா இருக்கணும். ஒரு கையெழுத்து சரியில்லன்னா பரிசீலனையிலேயே மனு காலி. இது 1996-க்கு அப்புறம் வந்தது. அந்த வருஷம் மொடக்குறிச்சியில விவசாயிங்க எதிர்ப்பைக் காட்ட வரிசையா மனு போட்டு 1,033 வேட்பாளர் ஆயிட்டாங்க. வாக்குச்சீட்டைப் புஸ்தகம் மாதிரி அச்சடிச்சாங்க. அதுக்கப்புறம் டெபாசிட்டை 250-லேர்ந்து 5,000-மா ஏத்துனாங்க. இப்போ சட்டமன்றத்துக்கு 10,000, நாடாளுமன்றத்துக்கு 25,000. பதிவான செல்லத்தக்க ஓட்டுல ஆறுல ஒரு பங்கைத் தாண்டலன்னா அந்தப் பணம் அம்பேல்.

சின்னம் இன்னொரு கொடுமை. மனு வாபஸ் முடிஞ்ச பிறகுதான் கைக்கு வரும். அதுக்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவுல பதினாலு நாள் இருக்கணும்னு சட்டம், நடைமுறையில அதைவிடக் கொஞ்சம்தான் கூட. கட்சிக்காரன் அம்பது வருஷமா சுவத்துல எழுதின சின்னத்தோட வர்றான். நீங்க ரெண்டு வாரத்துல ஒரு கிழவிக்கு ‘மெழுகுவத்தி இல்ல பாட்டி, டார்ச் லைட்டு’ன்னு புரிய வைக்கணும். ஓட்டு மெஷின்லயும் வரிசை உண்டு. முதல்ல அங்கீகாரம் பெற்ற கட்சி, அப்புறம் பதிவு மட்டும் செஞ்ச கட்சி, கடைசியில சுயேச்சை. ‘அ’வுல பேர் ஆரம்பிச்சாலும் கீழதான்.

வாக்காளர் பட்டியலை அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு இலவசமாத் தரணும்னு சட்டத்துலயே இருக்கு. சுயேச்சை காசு குடுத்து வாங்கணும். கட்சித் தலைவர் ஹெலிகாப்டர்ல வந்து பேசிட்டுப் போனா, பொதுவா கட்சிக்கு ஓட்டுக் கேட்ட கணக்குல அந்தப் பயணச் செலவு வேட்பாளர் கணக்குல ஏறாது. நட்சத்திரப் பேச்சாளர் பட்டியல்னு கட்சிக்கு 40 பேர் வரைக்கும் சலுகை. சுயேச்சைக்கு அவரேதான் நட்சத்திரம்.

எல்லாத்தையும் விடப் பெருசு பூத். ஒரு தொகுதிக்கு முன்னூறு பக்கம் வாக்குச்சாவடி. ஒவ்வொண்ணுலயும் காலையில மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்க்கறதுலேர்ந்து சாயங்காலம் பதிவான ஓட்டுக் கணக்கு இருக்கற 17சி படிவத்துல நகல் வாங்கறவரைக்கும் ஆள் வேணும். நான் ஒருக்கா ஒரு சுயேச்சைக்காக உட்கார்ந்தேன். பேர் வேணாம், நல்ல மனுஷன். பாதி பூத்துல எங்களுக்கு ஆளே இல்ல. கட்சிக்காரனுக்கு மதியம் பிரியாணி வருது, மாத்தி உட்கார ஆள் வருது. எனக்கு ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட எதிர்க்கட்சி ஏஜெண்டுகிட்ட ‘பார்த்துக்கங்க அண்ணே’ன்னு சொல்லிட்டுப் போகணும். மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்துச்சுன்னு எங்ககிட்ட முழுக் கணக்கே இல்ல.

இதை ஒரு தடவை செய்யலாம். கோபம், மானம், ஊர்ப்பாசம் எல்லாம் சேர்ந்து தள்ளும். ரெண்டாவது தடவை அதே ஆளுங்களைக் கூப்பிட்டுப் பாருங்க, பாதிப் பேருக்கு வேற சோலி இருக்கும்.

வடசென்னைவாசி

சின்னம் பத்தி பூத்_ஏஜெண்ட் சொன்னதை ஒத்துக்க முடியாது. ஆர்.கே.நகர் மறந்துடுச்சா?

2017 டிசம்பர் இடைத்தேர்தல். அ.தி.மு.க. உடைஞ்சப்போ டி.டி.வி. தினகரனுக்கு ஏப்ரல்ல தொப்பிச் சின்னம். அந்தத் தேர்தல் பணப்பட்டுவாடா புகார்ல ரத்தாயிடுச்சு. டிசம்பர்ல மறுபடி தொப்பி கேட்டார், கிடைக்கல. பதிவு செஞ்ச கட்சிங்களுக்குத்தான் முன்னுரிமைன்னு வேற ஒருத்தருக்குப் போச்சு. இவருக்குக் குக்கர். எத்தனை நாள் இருந்துச்சு? ரெண்டு வாரம்தான். 89,013 ஓட்டு. இரட்டை இலையை 40,707 ஓட்டு வித்தியாசத்துல தோற்கடிச்சார். 2016-ல ஜெயலலிதா அதே தொகுதியில ஜெயிச்ச வித்தியாசத்தை விட இது கூட. தி.மு.க.வுக்கு டெபாசிட்டே போச்சு. குக்கர் தெரியாத வீடு எங்க ஏரியாவுல அந்த வாரம் ஒண்ணுகூட இல்ல.

பணம் பத்தி யாராவது ஆரம்பிப்பீங்கன்னு தெரியும். அது எல்லாக் கட்சியையும் பத்தி எல்லாரும் சொல்றதுதான். ஆனா சுயேச்சைன்னா கீழ கிடக்கணும்னு விதி ஒண்ணும் இல்ல.

வள்ளியூர்க்காரன்

அதைச் சுயேச்சைன்னு சொன்னா எனக்கு மனசு ஒப்பல தம்பி. ஒரு பெரிய கட்சி ரெண்டா உடைஞ்சு, ஒரு பாதிக்குப் பேரும் சின்னமும் கிடைக்கல. அதனால காகிதத்துல சுயேச்சை. பூத் கமிட்டி, பேச்சாளர், வட்டச் செயலாளர் எல்லாம் பழைய கட்சியிலிருந்து வந்தவங்க. மூணே மாசத்துல, 2018 மார்ச்ல மேலூர்ல அ.ம.மு.க.ன்னு தனிக் கட்சி தொடங்கிட்டாங்க. ஏற்கெனவே இருந்த கட்சிக்குப் பேர் வைச்சாங்க, அவ்வளவுதான்.

அதே குக்கரோட 2021-ல கோவில்பட்டியில நின்னு கடம்பூர் ராஜூகிட்ட தோத்தார். அப்போ ஜெயிச்சது சின்னமா, ஆளா, இல்ல அந்த டிசம்பர் மாசத்து மனநிலையா?

பழைய_பேப்பர்

‘காகிதத்தில் சுயேச்சை’ என்று சொன்னீர்களே, அந்தக் கணக்குப்படி தமிழ்நாட்டின் மிகப் பெரிய சுயேச்சைகள் யார் தெரியுமா? அண்ணாவும் கலைஞரும்.

1957-இல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கியபோது அதற்குத் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் இல்லை. காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கருணாநிதி என்று 15 பேர் ஜெயித்தார்கள். ஆணையத்தின் பதிவேட்டில் அவர்கள் எல்லாரும் சுயேச்சைகள். கட்சிக்கு அங்கீகாரம் மறு வருடம்தான் கிடைத்தது. இப்போது 1957 முடிவுப் பட்டியலை எடுத்துப் பார்க்கும் பிள்ளைகள் ‘அந்தக் காலத்தில் சுயேச்சைகளுக்கு என்ன செல்வாக்கு!’ என்று வியப்பது பாதி உண்மைதான்.

உண்மையான சுயேச்சைகளின் பொற்காலம் அதற்கு முந்தைய தேர்தல். 1952-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 375 இடம், காங்கிரஸுக்கு 152 மட்டுமே. சுயேச்சைகள் 62 பேர். ஜமீன்தார், மிராசுதார், சாதிச் சங்கத் தலைவர், ஊரில் பெரிய வக்கீல் என்று பலவகை ஆட்கள். ராஜாஜி அமைச்சரவை அமைத்தது இந்தச் சில்லறைகளைப் பொறுக்கித்தான். ஆறு உறுப்பினர் வைத்திருந்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். 19 பேர் வைத்திருந்த உழைப்பாளர் கட்சியின் ராமசாமிப் படையாட்சியார் வெளியிலிருந்து ஆதரவு தந்து, பிறகு காமராஜர் அமைச்சரவைக்குள்ளேயே வந்துவிட்டார். தடைச் சட்டம் எதுவும் அப்போது கிடையாது.

அன்றைக்கு அவர்களுக்கு மதிப்பு வந்தது காங்கிரஸுக்குப் பெரும்பான்மை குறைந்ததால். வேறு காரணம் தேட வேண்டாம்.

தேனிப்பொண்ணு

ராமநாதபுரம் 2024-ஐ யாரும் சொல்லலையே. மூணு தடவை முதலமைச்சரா இருந்த ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையா, பலாப்பழச் சின்னத்துல. அதே பேர்ல இன்னும் அஞ்சு பன்னீர்செல்வம் களத்துல! வேட்பாளர் படத்தை மெஷின்ல ஒட்டற வழக்கம் 2015-ல வந்ததே இந்த மாதிரிப் பெயர்க் குழப்பத்துக்காகத்தான். அது மட்டும் இல்லன்னா எங்க ஊர் ஆளு கதி என்ன ஆகியிருக்கும்?

3 லட்சத்து 42 ஆயிரம் ஓட்டு வாங்கி ரெண்டாவது வந்தார். இரட்டை இலை வேட்பாளருக்கு டெபாசிட் இல்ல. பா.ஜ.க. அணி ஆதரவு இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா வள்ளியூர் அண்ணன் ‘காகிதச் சுயேச்சை’ன்னு சீல் குத்திடுவார்.

வக்கீல் சார்கிட்ட ஒரு சந்தேகம். அப்போ அவர் போடி எம்.எல்.ஏ. அ.தி.மு.க.வுல ஜெயிச்சவர், கட்சி நீக்கிடுச்சு. நீக்கப்பட்டவர் சட்டமன்றத்துல சுயேச்சையா?

கருப்புக்கோட்டு

இல்லை அம்மா. இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே நம் சட்டமன்றத்திலிருந்து போன வழக்கில்தான். அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட ஜி. விஸ்வநாதன், அழகு திருநாவுக்கரசு இருவரும் ம.தி.மு.க.வில் சேர்ந்தார்கள். கட்சியே வெளியேற்றிய பிறகு எங்களுக்கு எந்தக் கட்டும் இல்லை என்பது அவர்கள் வாதம். 1996-இல் தீர்ப்பு எதிராக வந்தது. எந்தக் கட்சி நிறுத்தி ஜெயித்தாரோ, சட்டமன்றத்தைப் பொறுத்தவரை கடைசி வரை அந்தக் கட்சிக்காரர்தான், நீக்கினாலும். ஆக, தேர்தலில் சுயேச்சையாக ஜெயித்தால் மட்டுமே அவையில் சுயேச்சை. அது நடுவில் வாங்கக்கூடிய பட்டம் அல்ல.

பழைய_பேப்பர் ஐயா சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறேன், இந்த இழையின் விடை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சுயேச்சை உறுப்பினரின் மதிப்பு அவர் வாங்கிய ஓட்டில் இல்லை. ஆளுங்கட்சிக்கு எத்தனை பேர் குறைகிறது என்பதில் இருக்கிறது.

கர்நாடகம் 2008: 224 இடத்தில் பா.ஜ.க.வுக்கு 110, மூன்று குறைவு. ஜெயித்த ஆறு சுயேச்சைகளில் ஐந்து பேர் ஆதரவு தந்தார்கள், ஐந்து பேருமே அமைச்சர்கள். 2010-இல் ஆதரவை விலக்கினார்கள், சபாநாயகர் பதவியைப் பறித்தார். அமைச்சர் பதவி ஏற்றதாலேயே கட்சியில் சேர்ந்துவிட்டதாக ஆகாது என்று 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. ஜார்க்கண்ட் இன்னும் ஒரு படி மேலே. 2005-இல் ஜெகந்நாத்பூரில் சுயேச்சையாக ஜெயித்த மது கோடா 2006 செப்டம்பரில் முதலமைச்சரே ஆனார். ஏறத்தாழ இரண்டு வருடம் ஓட்டினார். பின்னாளில் நிலக்கரி வழக்கில் தண்டனை பெற்றது வேறு கதை.

மாநிலங்களவைத் தேர்தலையும் பாருங்கள். கட்சி உறுப்பினர் தன் வாக்குச்சீட்டைக் கட்சியின் முகவரிடம் காட்டியே ஆக வேண்டும். சுயேச்சை யாரிடமும் காட்டக் கூடாது, காட்டினால் செல்லாது. இந்த ஒரு விதி அவருடைய ஒரு ஓட்டை எவ்வளவு விலை உயர்ந்ததாக்குகிறது என்று யோசியுங்கள்.

இப்போது ராதாபுரத்துக்கு வாருங்கள். 2001-இல் அ.தி.மு.க. 132, தேவை 118. அப்பாவு எந்தப் பக்கம் கை தூக்கினாலும் முடிவு மாறாது. 2006-இல் தி.மு.க.வுக்கு 96 தான், 22 குறைவு. ஆனால் காங்கிரஸ் ஒன்றே 34 வைத்திருந்தது. தளி சுயேச்சையைத் தேடிக் கோட்டையிலிருந்து யாரும் வரவில்லை. தமிழ்நாட்டில் சுயேச்சைக்குப் பேரம் பேசும் சந்தையே இல்லை.

ஒழுகரை

வக்கீல் சார் சொல்றதுக்கு உயிருள்ள சாட்சி எங்க புதுச்சேரி. 2021-ல 30 இடத்துல 6 சுயேச்சை ஜெயிச்சாங்க. ஏனாம்ல கொல்லப்பள்ளி ஸ்ரீனிவாஸ் அசோக் தோற்கடிச்சது யாரைத் தெரியுமா? முதலமைச்சர் வேட்பாளர் ரங்கசாமியை, 655 ஓட்டுல. ரங்கசாமி ரெண்டு தொகுதியில நின்னதால தட்டாஞ்சாவடியைப் பிடிச்சுக்கிட்டு முதலமைச்சர் ஆனார்.

காரணம் சிம்பிள். எங்க தொகுதி ஒவ்வொண்ணும் முப்பது, நாப்பதாயிரம் வாக்காளர். உங்க ஊர்ல ரெண்டு லட்சத்துக்கு மேல. இங்க ஒருத்தர் அஞ்சு வருஷம் கல்யாணம், காதுகுத்து, சாவு, ஆஸ்பத்திரின்னு வீடு வீடாப் போய் நின்னா தொகுதி முழுக்க முகம் தெரிஞ்சுடும். பூத்_ஏஜெண்ட் சொன்ன முன்னூறு பூத் தலைவலி எங்களுக்குக் கிடையாது.

ஜெயிச்ச அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பா.ஜ.க. ஜெயிச்சது 6, மத்திய அரசு நியமிச்சது 3, ஆக 9. சுயேச்சையில மூணு பேர் அந்தப் பக்கம் ஆதரவுன்னாங்க. ஆதரவு மட்டும்தான், சேரல. வக்கீல் சொன்ன அட்டவணை இடிக்கும்ல.

மலைநாட்டான்

கேரளத்துல வசிக்கிற தமிழன். இங்க ‘சுயேச்சை’ங்கறதே ரெண்டு ஜாதி.

ஒண்ணு அணிச் சுயேச்சை. கே.டி. ஜலீல் 2006-ல குற்றிப்புறத்துல முஸ்லிம் லீக் தலைவர் குஞ்ஞாலிக்குட்டியையே சாய்ச்சார், இடதுசாரி ஆதரவோட. அப்புறம் தவனூர்ல 2011, 2016, 2021. நடுவுல அமைச்சர். கட்சி அட்டையில்லாம நாலு தடவை எம்.எல்.ஏ. வள்ளியூர்க்காரர் கேட்டாரே, ரெண்டு மூணு தடவை சுயேச்சையாவே இருந்தா என்னன்னு? இதான் விடை. இருக்கலாம், பின்னாடி ஒரு அணி இருந்தா. அந்த அணியோட மனஸ்தாபம் வந்தா என்ன ஆகும்னு நிலம்பூர் அன்வரைப் பாருங்க. 2016, 2021 ரெண்டு தடவை அதே மாதிரி ஜெயிச்சவர். மோதல் முத்தி 2025 ஜனவரியில ராஜினாமா. ஜூன் இடைத்தேர்தல்ல தனியா நின்னு மூணாவது இடம்.

இன்னொண்ணு பி.சி. ஜார்ஜ் ரகம். 2016-ல பூஞ்ஞாறுல இடது, வலது, பா.ஜ.க. அணி மூணையும் எதிர்த்து நின்னு இருபத்தேழாயிரத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சார். அசல் ஒத்தை ஆள். ஆனா அவரும் அதுக்கு முன்னாடி பல தடவை கேரள காங்கிரஸ் பிரிவுகள்ல ஜெயிச்சு வேர் விட்டவர். 2021-ல அதே பூஞ்ஞாறு கைவிட்டுடுச்சு. 2024-ல பா.ஜ.க.வுல சேர்ந்துட்டார்.

வடமராட்சி

எங்கட பக்கத்துக் கதையையும் ஒருக்கா கேளுங்கோ. இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில தனி ஆளாச் சுயேச்சை கேக்கவே ஏலாது. சுயேச்சைக் குழுவாத்தான் வரவேணும். மாவட்டத்துக்கு எத்தனை ஆசனமோ அதோட மூண்டு பேர் கூட்டிப் பட்டியல் குடுக்கவேணும். யாழ்ப்பாணத்துக்கு ஆறு ஆசனம் எண்டால் ஒன்பது பேர். ஒருத்தர்தான் முகம், மிச்ச எட்டுப் பேரும் பட்டியல நிரப்ப வந்த ஆக்கள் எண்டு ஊர்ச்சனம் பகிடி பண்ணும்.

அப்பிடியிருந்தும் 2024 நவம்பரில சுயேச்சைக் குழு 17 ஊசிச் சின்னத்தில வந்து யாழ்ப்பாணத்தில ஒரு ஆசனம் எடுத்தது. தமிழரசுக் கட்சியும் ஒண்டு, தமிழ்க் காங்கிரசும் ஒண்டு, இவையும் ஒண்டு. 1989-இல ஈரோஸ் இயக்கத்தின்ர ஆதரவுச் சுயேச்சைக் குழு யாழ்ப்பாணத்தில பெரும்பாலான ஆசனங்களை அள்ளினது. விகிதாசாரம் எண்டபடியால் மாவட்டத்தில பத்து வீதத்துக்குக் கிட்ட எடுத்தாலே உள்ளுக்குப் போகலாம். உங்கட முறையில பத்து வீதம் எடுத்தால் கட்டுப்பணமும் போயிடும். ஆளின்ர திறமையை மட்டும் வச்சுக் கதைக்காமல் இதையும் பாருங்கோ.

வள்ளியூர்க்காரன்

எல்லாரும் சொன்னதைப் படிச்சேன். வக்கீல் சார் சொல்ற ‘குறைவு’ கணக்கு அவைக்குள்ள சரி. ஆனா எம்.எல்.ஏ. வேலைங்கறது அவைக்குள்ள கை தூக்கறது மட்டும் இல்லையே. தொகுதி மேம்பாட்டு நிதி எல்லா எம்.எல்.ஏ.வுக்கும் ஒரே அளவுதான். குளம் தூர்வார, ரேஷன் கடை கட்ட, கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கக் கட்சி வேணுமா? எங்க பக்கம் தண்ணி அரசியல்தான் பெரிய அரசியல். கூடங்குளம் இருக்கற தொகுதி வேற. அதையெல்லாம் எந்தத் தலைமையையும் கேக்காம அவையில எழுந்து பேச ஒரு ஆள் இருந்தா நல்லதில்லையா?

பூத்_ஏஜெண்ட்

அண்ணாச்சி, எழுந்து பேச நேரம் குடுக்கணுமே! கட்சி பலத்தைப் பார்த்துத்தான் நேரம் பிரிப்பாங்க. ஒத்தை ஆளுக்கு மானியக் கோரிக்கையில சில நிமிஷம் கிடைச்சா பெருசு. நிதியை வெச்சுக் குளத்துல படித்துறை கட்டலாம், குளத்துக்குத் தண்ணி கொண்டுவர முடியாது. அதுக்கு மந்திரி வேணும், மந்திரிகிட்ட போகக் கட்சி வேணும். ஊர்க்காரங்களே அஞ்சு வருஷம் கழிச்சு ‘நல்லவர்தான், ஆனா ஆளுங்கட்சியில இருந்தா இன்னும் செய்வார்’னு பேசுவாங்க. நான் என் காதால கேட்டிருக்கேன். கட்சிக்குள்ள தள்ளிவிடறது பாதி நம்ம சனம்தான்.

நீங்க முக்கியமான ஒண்ணை விட்டுட்டீங்க. 2011-ல ராதாபுரம் கூட்டணியில காங்கிரஸுக்குப் போச்சு. பக்கத்துச் சேரன்மாதேவி தொகுதி மறுவரையறையில காணாமப் போனதால அந்த எம்.எல்.ஏ. வேல்துரைக்கு இங்க இடம். மூணு தடவை ஜெயிச்ச அப்பாவுக்கு சீட் இல்ல. உங்க கணக்குப்படி அன்னிக்கு அவர் மறுபடி சுயேச்சையா இறங்கியிருக்கணும். இறங்கலையே! கடைசியில தே.மு.தி.க. மைக்கேல் ராயப்பன் ஜெயிச்சார். ஒரு தடவை சுயேச்சையா ஜெயிச்ச ஆளுக்குத்தான் அதுல உள்ள கஷ்டம் நல்லாத் தெரியும்.

பழைய_பேப்பர்

இன்னொன்றும் இருக்கிறது. 2001-இல் அவர் வெளியே வந்த கட்சிக்குத் திரும்பிப் போகும் வழி சீக்கிரமே அடைந்துவிட்டது. மூப்பனார் அந்த ஆகஸ்டிலேயே காலமானார், மறு வருடம் த.மா.கா. காங்கிரஸோடு இணைந்தது. தளிக்காரர் போய்ச் சேர்ந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அப்படிக் கரையவில்லை, அதே இடத்தில் இருந்தது. ஆகவே இருவர் பாதையும் ஒன்று என்று நீங்கள் முதல் பதிவில் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். அப்பாவு இருந்த வீடே இல்லாமல் போய் வேறு வீடு தேடினார், தளிக்காரருக்கு அந்த நிலை இல்லை.

வள்ளியூர்க்காரன்

2011 விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல, ஒத்துக்கறேன். அன்னிக்கு அவர் பொறுத்ததுக்குத்தான் 2016-ல சீட்டு வந்துச்சுன்னு தி.மு.க. நண்பர்கள் சொல்வாங்க.

ஆனா 2016-ஐப் பாருங்க. கட்சி, சின்னம், கூட்டணி எல்லாம் இருந்தும் அ.தி.மு.க. இன்பதுரைகிட்ட 49 ஓட்டுல போச்சு. 203 தபால் ஓட்டைச் செல்லாதுன்னு ஒதுக்கினாங்க. சான்றொப்பம் போட்ட தலைமையாசிரியர் கெஜடட் அதிகாரி இல்லைங்கறது காரணம். வழக்குப் போட்டார். 2019 அக்டோபர்ல உயர் நீதிமன்றம் அந்த ஓட்டுகளையும் கடைசி மூணு சுற்றையும் மறுபடி எண்ணச் சொல்லுச்சு. நீதிமன்ற வளாகத்துலயே எண்ணினாங்க. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டுது. அஞ்சு வருஷம் முடிஞ்சு 2021 தேர்தலே வந்துடுச்சு, இன்பதுரை முழுக் காலமும் எம்.எல்.ஏ.

பூத்_ஏஜெண்ட்

அதுவும் என் பக்கத்துக் கதைதான் அண்ணாச்சி. 203 தபால் ஓட்டு எதுக்காக ஒதுக்கப்பட்டுதுன்னு எண்ணற மேஜையில உட்கார்ந்து குறிச்சு வைக்க ஆள் இருந்ததாலதானே வழக்கே நின்னுச்சு? பதினாலு மேஜை, தபால் ஓட்டுக்குத் தனி மேஜை. நான் உட்கார்ந்த அந்தச் சுயேச்சைக்கு எண்ணிக்கை நாள்ல மேஜைக்கு ஒருத்தர்கூடத் தேறல. 49 ஓட்டுல தோத்திருந்தாக்கூட எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

தேனிப்பொண்ணு

கடைசியா ஒரு நடைமுறைக் கேள்வி. எங்க ஊராட்சித் தலைவர் சுயேச்சைச் சின்னத்துல ஜெயிச்சவர். இப்போ ஒரு கட்சியில சேரச் சொல்லி நச்சரிக்கறாங்க. சேர்ந்தா பதவி போகுமா வக்கீல் சார்?

கருப்புக்கோட்டு

போகாது அம்மா. பத்தாவது அட்டவணை நாடாளுமன்றம், சட்டமன்றத்தோடு நின்றுவிடுகிறது. கேரளத்தில் உள்ளாட்சிக்கென்று 1999-இல் தனிச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் அந்த மாநிலத்துக்குத்தான், இங்கே செல்லாது. மேலும் தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலே கட்சி சார்பற்றது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலருக்குத்தான் கட்சிச் சின்னம். ஆகவே உங்கள் தலைவர் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் அடுத்த தடவை ஊராட்சிக்கு நிற்கும்போது பூட்டு, சாவி, கத்தரிக்காய் என்று ஏதாவது ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

தேனிப்பொண்ணு

போன தடவை பூட்டுச் சாவிதான் சார். சேர வேணாம்னு சொல்லிடறேன், மூணு கட்சிக்காரங்களும் இப்போ மரியாதையா வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போறாங்க.